நாசாவின் பூமி நேரலை: காசில்லாமல் ஒரு சுற்று

பட்டுக்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்த மானிட்டரில் முன்பு செய்திச் சேனல் ஓடும். அதைப் பார்த்துக் கடைக்குள்ளேயே கட்சிச் சண்டை வந்ததால் நிறுத்திவிட்டு, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து நாசா யூடியூபில் விடும் நேரலையைப் போட்டேன். இப்போது அதுதான் நிரந்தரம்.

நிலையத்துக்கு வெளியே பொருத்திய கேமரா, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பூமியைக் காட்டுகிறது. கட்டணம் கிடையாது, பின்னணி இசை கிடையாது. கடல், மேகம், மறுபடியும் கடல். "அண்ணே, படம் நின்னுபோச்சா?" என்று கேட்காதவர்கள் குறைவு. நிற்கவில்லை. மணிக்கு ஏறக்குறைய 27,600 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி ஒன்றரை நிமிடம். அவ்வளவு உயரத்திலிருந்து பார்ப்பதால் ஏதோ மெதுவாக நகர்கிற மாதிரி இருக்கிறது.

2025 ஜூன், ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா மேலே இருந்தபோது, "இதுல அவர் தெரிவாரா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தெரியமாட்டார். இது வெளிப்புறக் கேமரா. வீரர்கள் பூமியைப் பார்ப்பது கூபோலா என்ற ஏழு ஜன்னல் மாடத்திலிருந்து. 2010-இல் பொருத்தினார்கள். கை கால் மிதக்க அதில் தலையை நீட்டிப் பார்க்கும் சுகத்தை எந்த மானிட்டரும் தராது, அதை எதிர்பார்த்து வராதீர்கள்.

எனக்குப் பிடித்தது விடியல். நிலையம் ஒரு சுற்றை 92 நிமிடம்போல முடித்துவிடுகிறது, ஆக ஒரு நாளைக்குப் பதினாறு விடியல். கறுப்புத் திரையில் முதலில் வளைவாக ஒரு நீலக்கோடு வரும். வெங்காயச் சருகு கனம்தான் இருக்கும். நாம் விடுகிற மூச்சு, அடிக்கிற புயல், பெய்கிற மழை எல்லாம் அதற்குள் அடக்கம். கோட்டின் அடியில் செம்மஞ்சள் ஏறும், அப்புறம் சில நொடிகளில் சூரியன் பளீரென்று வந்துவிடும். கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தால் தவறவிட்டுவிடுவீர்கள். பரவாயில்லை, ஒன்றரை மணி நேரத்தில் அடுத்தது.

இரவுப் பக்கம் போனால்தான் சப்பென்று ஆகிவிடும். கேமராவுக்கு அங்கே வெளிச்சம் போதாது, திரை கறுத்துக் கிடக்கும். ஆனால் வீரர்கள் சிலாகிப்பதில் பாதி இந்த இருட்டில்தான் இருக்கிறது: மேகத்துக்குள் துடிக்கும் மின்னல், ஊர்களின் விளக்கு, வானத்தின் மெல்லிய பச்சை ஒளி. மேலிருந்து எல்லைக்கோடு எதுவும் தெரியவில்லை என்று பிரதமரிடம் சுக்லா சொன்னார். பகலில் அது சரி. ராத்திரியில் இந்திய-பாகிஸ்தான் எல்லை, வேலியோர ஃப்ளட்லைட்டால், ஆரஞ்சு நிறத்தில் கோணல்மாணலாக நீண்டு தெரியும். 2011-இலும் 2015-இலும் நிலையத்திலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன.

இந்த மாதிரி இரவுப் படங்களை நாசாவின் விண்வெளி வீரர் புகைப்படத் தளத்தில் இலவசமாக இறக்கலாம். தாய்லாந்து வளைகுடாவில் பச்சைப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக மின்னும் படம் ஒன்றை ஏ3-இல் பிரிண்ட் போட்டு ஒட்டியிருக்கிறேன். மல்லிப்பட்டினத்திலிருந்து ஜெராக்ஸ் எடுக்க வந்த படகுக்காரர் ஒருவர் பார்த்த உடனே, "கணவாய்க்கு லைட் போட்டிருக்கான். இங்க அதுக்குத் தடை" என்றார். கணவாய் மீனைக் கவரப் படகுகள் போடும் பச்சை விளக்குகள் என்று நான் கீழே போட்டிருந்த விளக்கத்தை அவர் படிக்கக்கூட இல்லை.

அப்புறம், திடீரென நீலத்திரை வந்தால் வைஃபையைத் திட்டாதீர்கள். நிலையத்தின் சிக்னல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் தொடர்புச் செயற்கைக்கோள்கள் வழியாகத் தரைக்கு வருகிறது. ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும்போது இடையில் அறும். கொஞ்ச நேரத்தில் தானே வந்துவிடும்.

யூடியூபில் "லைவ்" என்று சிவப்பில் போட்டு, பழைய பதிவையே சுற்றிச் சுற்றி ஓட்டும் சேனல்கள் நிறைய. மணிக்கணக்கில் பகலாகவே ஓடினால் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் அநேகமாக ஒவ்வொரு சுற்றிலும் அரை மணி நேரம்போல இருட்டு வந்தே ஆக வேண்டும். (வருஷத்தில் சில நாள் மட்டும் நிலையம் சூரிய வெளிச்சத்திலேயே சுற்றும், அது விதிவிலக்கு.) நிலையம் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் ஏமாற வாய்ப்பே இல்லை. வரைபடத்தில் சஹாரா, திரையில் நீலக்கடல் என்றால் மூடிவிட்டு நாசாவின் சொந்தச் சேனலுக்குப் போங்கள்.

வரைபடம் இல்லாமல் இதைப் பார்ப்பதில் பாதி ருசிதான். நிலையம் மாலத்தீவைத் தாண்டி வடகிழக்கே ஏறுகிறதா, பகலா, மேகம் கம்மியா என்று மூன்றும் கூடிவர வேண்டும். அப்படிக் கூடி வந்தால் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல்திட்டுகள் வெளிர்பச்சையாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆசையே வேண்டாம், வெள்ளை மட்டும்தான்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். இரவுக்கும் ஒரு நல்ல கேமரா வைத்தால் மிச்சத்தையும் தரலாம். மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள் தரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், 1080-இல் விட்டால் தினசரி ஒன்றரை ஜிபி பேக் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. நான் கடையில் 480-இல்தான் ஓட்டுகிறேன். மேகத்துக்கு அது போதும்.