இரண்டாம் கட்டில் பெட்டியில்லாக் கேபிள்: ஆறு ஆண்டு அனுபவம்

காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் பூர்வீக வீடு முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிறது. முகப்பில் உள்ள தொலைக்காட்சிக்குச் செட்டாப் பாக்ஸ் இருக்கிறது. முகப்பைத் தாண்டி உள்ளே இருக்கும் பகுதியான இரண்டாம் கட்டில், அப்பத்தாவின் அறையில் உள்ளதற்கு இல்லை. 2019-இல் அந்தத் தொலைக்காட்சியை வாங்கியபோது, அதற்குள்ளேயே டிவிபி-சி டியூனர், அதாவது டிஜிட்டல் கேபிள் சிக்னலைப் பெட்டியில்லாமலே வாங்கும் பகுதி, இருப்பதைக் கையேட்டில் பார்த்தேன். முகப்பிலிருந்து ஒரு கிளை வயரை இழுத்து, நேரே அதன் ஆன்டெனா துளையில் செருகி, என்னதான் வருகிறது என்று தேடவிட்டேன்.

முதல் தேடலில் ஒன்றும் வரவில்லை. 'நெட்வொர்க் தேடல்' என்பதை விட்டுவிட்டு, 'முழுத் தேடல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கேபிள் சிக்னல் அனுப்பப்படும் முறையைக் குறிக்கும் அளவுகளை, சிம்பல் ரேட் 6875, மாடுலேஷன் 64 க்யூஏஎம் என்று கையால் கொடுத்த பிறகுதான் பட்டியல் நிரம்பத் தொடங்கியது. ஏறத்தாழ முந்நூறு பெயர்கள் வந்தன. படம் வந்தவை நாற்பத்திரண்டு. மற்றவற்றில் கறுப்புத் திரையில் 'ஸ்க்ராம்பிள் செய்யப்பட்டுள்ளது', அதாவது பூட்டப்பட்டுள்ளது, என்ற வரி மட்டும் நின்றது. சேனலின் பெயர் திறந்த நிலையிலேயே வரும். பூட்டு, படத்துக்கும் ஒலிக்கும் மட்டுமே. இது தெரியாமல் பட்டியலின் நீளத்தைப் பார்த்து மகிழ்ந்து போகிறவர்கள் பலர். முதல் நாளில் நானும் அவர்களில் ஒருவன்.

திறந்து கிடைத்தவற்றில் பொதிகை (2024 முதல் டிடி தமிழ்), தூர்தர்ஷனின் மற்ற சில சேனல்கள், பக்திச் சேனல்கள், இரண்டு மூன்று செய்திச் சேனல்கள், திருவிழாக் காலத்தில் தேரோட்டம் காட்டும் உள்ளூர்ச் சேனல் ஆகியவை அடங்கும். அப்பத்தாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எப்போதாவது ஒரு கட்டணச் சேனல் தவறுதலாகத் திறந்துகொண்டு இரண்டு நாள் ஓடியதும் உண்டு. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இதன் சட்ட நிலையையும் சொல்லிவிட வேண்டும். கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தில் 2011-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, இலவசச் சேனல் உட்பட எல்லாமே பூட்டப்பட்ட நிலையில், பெட்டி வழியாகத்தான் வர வேண்டும். கட்டம் கட்டமாக நடந்த இந்த மாற்றத்தின் நான்காம் கட்டத்துக்கான கெடு 2017 மார்ச் 31. ஆகவே திறந்து வரும் சேனல், சேனல்களைக் கேபிளில் ஏற்றி அனுப்பும் தலைமைக் கட்டுப்பாட்டு அறையில் யாரோ பூட்டாமல் விட்டது. நமக்கு அதில் உரிமை ஏதுமில்லை. எங்கள் கேபிள்காரத் தம்பியிடம் மறைக்காமல் கேட்டேன். "அண்ணே, இது நாங்க குடுக்கிறது இல்ல, தானா வருது. நாளைக்கு நின்னு போச்சுன்னா எங்களைக் கேக்காதீங்க" என்றார். முகப்புப் பெட்டிக்கு மாதாமாதம் பணம் கட்டிவந்ததால், அவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையான பாடு வயரில்தான் இருந்தது. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு நாற்பது மீட்டருக்கு மேல். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த எங்கள் சுண்ணாம்புச் சுவரில் ஓர் ஆணி இறங்கினால் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து வரும். ஆதலால் வயரை வளவின் (முற்றத்தைச் சுற்றிய பகுதியின்) தாழ்வார ஓட்டுக்கு அடியில், கைமரங்களில் கட்டிக் கட்டிக் கொண்டுபோனேன். முதலில் வீட்டில் கிடந்த பழைய மெல்லிய வயரைப் போட்டதில், கீழ் அலைவரிசைச் சேனல்கள் தெளிவாகவும், மேல் அலைவரிசைச் சேனல்கள் கட்டம் கட்டமாக உடைந்தும் வந்தன. சிக்னல் இழப்பு குறைவான, தடித்த ஆர்ஜி-6 வகை வயருக்கு மாறிய பிறகு அது சரியாயிற்று. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் சிக்னலைப் பாதியாக்கிவிடும், அதாவது மூன்றரை டெசிபெல் அளவுக்குக் குறைக்கும் என்பதால், வழியில் அநாவசியமாக இருந்த இன்னொரு ஸ்ப்ளிட்டரையும் எடுத்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் படம் அப்படியே உறைந்து நின்றது. பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாக மங்கும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை பளிங்கு போல இருந்துவிட்டு, அதற்குக் கீழே இறங்கியதும் ஒன்றுமில்லாமல் போய்விடும். ஓட்டிடுக்கில் சொட்டிய தண்ணீர் கனெக்டருக்குள் இறங்கியிருந்தது. திருகிக் கழற்றினால் நடுக்கம்பி கறுத்து, சுற்றியுள்ள வலையில் பச்சை பிடித்திருந்தது. இரண்டு விரற்கடை வெட்டியெறிந்து, புதுக் கனெக்டர் போட்டு, தண்ணீர் உள்ளே ஏறாமல் வயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டேன். அதன் பிறகு மழையால் தொல்லையில்லை. அணில் கடித்தது ஒருமுறை, அவ்வளவுதான்.

சேனல்கள் தனித்தனியாக மறைவதில்லை என்பதும் போகப் போகத்தான் புரிந்தது. எட்டு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில் நொடிக்கு 38 மெகாபிட் அளவுக்குத் தரவு செல்வதால், பத்துப் பன்னிரண்டு சேனல்கள் அதில் ஒன்றாகப் பயணிக்கின்றன. தலைமை அறையில் அதை மாற்றியமைத்தால் அத்தனையும் ஒரே காலையில் காணாமற்போகும். பெட்டி தானாகத் திருத்திக்கொள்ளும்; தொலைக்காட்சிக்கு நாம்தான் மறுபடி முழுத் தேடல் கொடுக்க வேண்டும். அப்படித் தேடும் ஒவ்வொரு முறையும் சேனல் எண்கள் கலைந்துவிடும். "நேத்து ஏழுல இருந்த முருகன் இன்னைக்கு எங்கடா போனாரு?" என்று அப்பத்தா கேட்பார், நான் விருப்பப் பட்டியலில் முதல் ஐந்தை மறுபடி அடுக்கித் தருவேன். மொத்தத்தில் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இந்த வேலை இருந்தது.

நாற்பத்திரண்டில் இன்று மிஞ்சியிருப்பவை பதினொன்று. பெட்டி வாங்க மனமில்லாமல் இந்த வழியைத் தேடுவோருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே வீட்டின் இரண்டாம் இணைப்புக்கு, அடிப்படைக் கட்டணத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-இல் விதித்திருந்தது. அந்தக் கணக்கில் அப்போதே இரண்டாம் பெட்டியை வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கேபிளே வேண்டாம் என்பவர்களுக்கு, மாதக் கட்டணம் இல்லாத, தூர்தர்ஷனின் செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. அதன் ஜிசாட்-15 செயற்கைக்கோள் எங்கள் ஊரிலிருந்து தென்கிழக்கில் நல்ல உயரத்தில் இருப்பதால், சுற்றிலும் கட்டடம் சூழ்ந்த வளவு முற்றத்தில் கூட டிஷ் வைக்க இடம் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அது போன தை மாதம் வந்தது. அந்தப் பதினொன்றில் உள்ளூர்ச் சேனலும் இருப்பதால், தேரோட்டத்துக்காகப் பழைய வயரையும் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.