டிரெஸ்டன் போகிறவர்கள் கவனத்துக்கு: 'கிரீன் வால்ட் நுழைவுடன் நகர உலா' என்ற பெயரில் நடப்பது

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஒரு நாள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைப்பவர்கள், இணையத்தில் விற்கும் 'நகர உலா + கிரீன் வால்ட் நுழைவு' தொகுப்பை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் ஆளுக்கு 79 யூரோ வாங்கிக்கொண்டு, சொன்ன இடத்துக்குள் விடவே இல்லை.

முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டிரெஸ்டன் அரண்மனையில் கிரீன் வால்ட் என்ற பெயரில் இரண்டு கருவூலங்கள் இருக்கின்றன. தரைத்தளத்தில் இருப்பது ஹிஸ்டாரிக் கிரீன் வால்ட். சாக்சனி ஆட்சியாளரும் போலந்து மன்னருமான இரண்டாம் அகஸ்டஸ் தன் செல்வத்தை ஊருக்குக் காட்டவே 1723 முதல் 1729 வரை அமைத்த அறைகள். கண்ணாடி பதித்த சுவர்கள், பெரும்பாலான பொருள்கள் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் வெளியிலேயே நிற்கும். அதனால் நேரம் குறித்துத்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள், அதற்கென்று தனி டிக்கெட். முதல் தளத்தில் இருப்பது நியூ கிரீன் வால்ட். அதற்கு அரண்மனையின் சாதாரண டிக்கெட்டே போதும். ஆனால் அந்தச் சாதாரண டிக்கெட்டை வைத்துக்கொண்டு கீழே ஹிஸ்டாரிக் பகுதிக்குள் போக முடியாது. இந்த ஓட்டையில்தான் இந்தத் தொகுப்பை விற்பவர்களின் பிழைப்பு ஓடுகிறது.

விளம்பரத்தில் இருந்த படங்கள் எல்லாமே கீழ்த்தளத்து அறைகளுடையவை. '2019-இல் கொள்ளை நடந்த நகை அறையை நேரில் காணுங்கள்' என்றுகூடப் போட்டிருந்தார்கள். என் அப்பா கோவையில் கல் பதிக்கும் வேலை பார்த்தவர். பட்டறையிலேயே ஆயுளைக் கழித்தவர். அந்த நவம்பரில் திருட்டுச் செய்தி வந்ததிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். 2022 டிசம்பரில் பெரும்பாலான நகைகள் மீட்கப்பட்டதும், 2024-இல் மறுபடி அதே அறையில் வைக்கப்பட்டதும் அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த வைரங்களை எப்படிப் பதித்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகவே இந்தத் தொகுப்பை எடுத்தேன்.

காலையில் தியேட்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் மன்னர் யோஹானின் குதிரைச் சிலை அருகே நிற்கச் சொன்னார்கள். வழிகாட்டி முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார், வருத்தம்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு ஒரே ஓட்டம். ஸ்விங்கர் மாளிகை முற்றம், புரூல் என்ற ஆற்றங்கரை நடைமேடை, இளவரசர் ஊர்வலச் சுவரோவியம், ஃப்ரவுன்கிர்ஹ தேவாலய வாசல். இவை எல்லாமே யாரும் காசில்லாமல் பார்க்கக்கூடியவை. அந்த ஊர்வலச் சுவர் 102 மீட்டர் நீளம், ஏறத்தாழ 23,000 மைசன் பீங்கான் ஓடுகளால் ஆனது. 1945 குண்டுவீச்சில் நகரமே எரிந்தபோதும் பெரிதாகச் சேதமில்லாமல் தப்பியது. அதன் முன் நின்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது, நடந்துகொண்டே கையை நீட்டிக் காட்டினார். அம்மாவுக்கு முழங்கால் வலி, மெதுவாகப் போங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. 1945-இல் இடிந்து, 2005-இல் மறுபடி எழுந்து நிற்கும் ஃப்ரவுன்கிர்ஹவுக்குள் நுழையக்கூட நேரம் தரவில்லை. அரண்மனை வாசலில் டிக்கெட்டுகளைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

கீழ்த்தள நுழைவில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்தவுடனே தலையசைத்தார். இது அரண்மனை டிக்கெட், மாடிக்குப் போங்கள், ஹிஸ்டாரிக் பகுதிக்கு இன்றைக்கு எல்லா நேரமும் விற்றுத் தீர்ந்துவிட்டது என்றார். இப்படி ஏமாந்து வருகிறவர்களை அடிக்கடி பார்ப்பதாகவும் சொன்னார். "ஏன் சாமி, நாம பார்க்க வந்தது இது இல்லையா?" என்று அம்மா கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. மறுநாள் அவர்களுக்கு விமானம்.

மாடியில் இருப்பதும் சாதாரணப் பொருள்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவிலிருந்து போனதாகக் கருதப்படும் 41 கேரட் பச்சை வைரம் அங்கேதான் இருக்கிறது. பொற்கொல்லர் டிங்லிங்கர் 1701 முதல் 1708 வரை செய்த ஔரங்கசீப்பின் தர்பாரும் அங்கேதான். விரலளவு மனிதர்கள், யானைகள், 5,000-க்கும் மேற்பட்ட கற்கள். அப்பா அதை விட்டு நகரவே இல்லை. "இவன் ஆசாரிடா" என்றார். பிறகு, "அப்ப கீழ இருக்கறத எப்பப் பாக்கறது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். 'கிரீன் வால்ட் என்றுதான் போட்டிருந்தோம், நியூ கிரீன் வால்ட்டும் கிரீன் வால்ட்தான்' என்று பதில். தேதி குறித்து வாங்கிய சுற்றுலாவுக்கு, இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை கிடையாது என்றும் எழுதினார்கள். அந்த விதி உண்மைதான். ஆனால் ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுப்பதற்கு அந்த விதி கேடயம் ஆகாது. நுகர்வோர் ஆலோசனை மையமான வெர்பிராஹர்சென்ட்ராலவில் கேட்டபோது, கெடு தேதி குறித்து எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்றார்கள். அப்படியே செய்திருக்கிறேன். கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறும் சார்ஜ்பேக்கும் கேட்டிருக்கிறேன். விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது இப்போது கைகொடுக்கிறது, ஏனென்றால் புகாருக்குப் பிறகு அந்தப் படங்களை மாற்றிவிட்டார்கள்.

போகிறவர்கள் டிரெஸ்டன் அரசு அருங்காட்சியகங்களின் சொந்த இணையதளத்திலேயே டிக்கெட் எடுங்கள். நாங்கள் கொடுத்ததில் ஒரு பங்குதான் ஆகும். டிக்கெட்டில் 'ஹிஸ்டோரிஷெஸ் க்ரூனெஸ் கெவோல்ப' (Historisches Grünes Gewölbe, ஹிஸ்டாரிக் கிரீன் வால்ட்டின் ஜெர்மன் பெயர்) என்ற பெயரும் உங்களுக்கான நுழைவு நேரமும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது மாடிக்கான டிக்கெட். இரண்டு கருவூலங்களையும் சேர்த்துப் பார்க்கக் கூட்டு டிக்கெட்டும் உண்டு. அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, ஸ்விங்கர் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, அதைப் பார்த்து நாளைக் குறியுங்கள். வேறு யாருக்காவது இதே போல் நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.