பழைய கார் எஞ்சினுக்கு ஒரிஜினல் நிறம்: ஸ்ப்ரே கேன், பிரஷ் எனாமல், டூ-கே மூன்றும் பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

'செவி ஆரஞ்சு' (செவர்லே எஞ்சினின் ஆரஞ்சு) என்று எழுதிய மூன்று வெவ்வேறு கம்பெனி கேன்களை ஒரே தகட்டில் பக்கம் பக்கமாக அடித்துப் பாருங்கள். ஒன்று சிவப்புப் பக்கம் சாயும், ஒன்று மஞ்சள் பக்கம் போகும், மூன்றாவது இரண்டுக்கும் நடுவே நிற்கும். மூன்று லேபிளும் ஒன்றேதான். அதனால் நிறம் தேடுபவர்கள் கடையில் தொடங்காமல் எஞ்சினில் இருந்து தொடங்குவதுதான் சரி.

முதலில் அந்த எஞ்சின் அந்தக் காருடையதுதானா என்று பாருங்கள். செவர்லே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினில் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் பெல் ஹவுசிங் விளிம்பில் வார்ப்புத் தேதி இருக்கும். 'C 12 7' என்றால் மார்ச் 12, ஏழில் முடியும் வருடம். அது 1957-ஆ 1967-ஆ என்பதை வார்ப்பு எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். தேதி காரின் தயாரிப்புத் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்; அதன் மேல் இருக்கும் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பிரிட்டனின் பிஎம்சி கம்பெனி கார்களில் இதே குழப்பம் வேறு வடிவில் வரும். கம்பெனியே ரீகண்டிஷன் செய்து மாற்று எஞ்சினாக விற்ற 'கோல்டு சீல்' எஞ்சின்களுக்குத் தங்க நிறம் அடித்திருந்தார்கள். அதே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில் ஆரம்ப கால எஞ்சினுக்கு உரியது மெரூன். பழைய எம்ஜிபியில் தங்க நிறம் தென்பட்டால் யாரோ ஆசைக்கு அடித்தது என்று சுரண்டித் தள்ளிவிடாதீர்கள், அதுவும் ஒரு வரலாறுதான்.

வருடம் ஏன் முக்கியம் என்பதற்கு ஃபோர்டு நல்ல உதாரணம். எல்லா ஃபோர்டு எஞ்சினும் நீலம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நீலம் பொதுவாக வந்தது 1966 மாடலில் இருந்து. 1965 மஸ்டாங்கின் 289 கன அங்குல எஞ்சினில் பிளாக் (எஞ்சினின் இரும்பு உடல்) கறுப்பு நிறம். வால்வ் கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம். செவர்லே வி8-இல் 1955-இல் தொடங்கிய ஆரஞ்சு எழுபதுகளின் பின்பாதியில் நீலத்துக்கு இடம் விட்டது. ஜாகுவார் ஈ-டைப் 3.8 லிட்டர் எஞ்சினில் சிலிண்டர் ஹெட் மட்டும் தங்க நிறம்.

எஞ்சினை மெஷின் ஷாப்பின் காஸ்டிக் தொட்டிக்கு அனுப்பும் முன்பே நிறச் சான்றை எடுத்துவிடுங்கள். தொட்டியில் இருந்து வரும்போது வெறும் இரும்புதான் வரும். எங்கே தேடுவது என்பதில் ஒரு சின்ன தர்க்கம் இருக்கிறது. தொழிற்சாலையில் பல எஞ்சின்களை ஹெட், வாட்டர் பம்ப், இன்டேக் மானிஃபோல்டு எல்லாம் பூட்டிய பிறகுதான் மொத்தமாக ஸ்ப்ரே செய்தார்கள். ஆகவே வாட்டர் பம்பைக் கழற்றினால் அதன் அடியில் நிறம் கிடைக்காது. பெயின்ட் அடித்த பிறகு மாட்டிய பாகங்களின் அடியில்தான் வெளிச்சமும் பெட்ரோலும் படாத நல்ல நிறம் இருக்கும்: எஞ்சின் மவுண்ட் பிராக்கெட், டைனமோ பிராக்கெட் போன்றவை. எக்ஸாஸ்ட் போர்ட் பக்கத்தில் இருந்து சாம்பிள் எடுக்கவே கூடாது. அங்கே சூடு நிறத்தைப் பழுப்பாக்கியிருக்கும்.

இடம் கிடைத்ததும் கெரசினில் எண்ணெயைத் துடைத்து, 1000 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, காசளவு இடத்தை மட்டும் சரிவாகத் தேயுங்கள். பிறகு 2000. ஒவ்வொரு கோட்டும் ஒரு வளையமாகத் தெரியும். வெளி வளையம் கடைசியாக அடித்தது. உள் வளையம் முதலில் அடித்தது. நிறம் பிரைமர் இல்லாமல் நேரே இரும்பின் மேல் உட்கார்ந்திருந்தால் அது தொழிற்சாலைக் கோட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. அந்த வளையத்தைத் துளி மினரல் ஸ்பிரிட்டால் நனைத்தால் பழைய பளபளப்போடு நிறம் எழும்பி வரும். ஒப்பிடுவது அந்த நனைந்த நிலையில், பகல் வெளிச்சத்தில். எல்இடி ட்யூப் அடியில் அச்சாக ஒத்துப்போகும் இரண்டு ஆரஞ்சுகள் வெளியே கொண்டுவந்ததும் பிரிந்து நிற்பது சகஜம், ஏனென்றால் இரண்டிலும் நிறமிகள் வேறு. சோதனை அடிப்பதும் வழவழப்பான அட்டையில் வேண்டாம். சொரசொரப்பான வார்ப்பிரும்புத் துண்டில் அடியுங்கள். சொரசொரப்பு நிறத்தை ஒரு படி மங்கலாகக் காட்டும்.

இனி பெயின்ட் வகைகள். பொதுவாகக் கிடைக்கும் எஞ்சின் எனாமல் ஸ்ப்ரே கேன் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று போட்டிருக்கும். பிளாக்கின் வெளிப்புறம் 100 டிகிரியை ஒட்டியே இருப்பதால் இது தாராளம். ஒரு வி8-க்கு இரண்டு கேன் வேண்டும், மூன்றாவதையும் அதே பேட்ச் எண்ணில் வாங்கி வையுங்கள். கேனின் பெரிய தொல்லை அடுத்த கோட் அடிக்கும் நேரம். பல கேன்களில் ஒரு மணி நேரத்துக்குள் அல்லது ஏழு நாள் கழித்து என்று எழுதியிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் கீழ்க் கோட் ஊறிச் சுருங்கி, கொதித்த பாலின் ஆடை மாதிரி சுருக்கம் விழும். பிறகு சுரண்டுவதைத் தவிர வழியில்லை. நீண்ட ஓட்டத்தில் கேன் பெயின்ட் சூட்டுக்குத் தோற்பதில்லை, பெட்ரோலுக்குத் தோற்கிறது. கார்புரேட்டருக்குக் கீழேயும் பெட்ரோல் பம்பைச் சுற்றியும் முதலில் பளபளப்பு போகும், பிறகு பிசுபிசுக்கும்.

டின்னில் வாங்கிச் சாம்பிளுக்கு ஏற்பக் கலந்த எனாமலைப் பிரஷில் அடிப்பதைப் பலர் கேவலமாகப் பார்க்கிறார்கள். எங்கள் கணக்கில் வார்ப்பிரும்புக்கு இது நல்ல முறை. மென்மையான பிரஷ்ஷும் மெல்லிய இரண்டு கோட்டும் போதும். பிரஷ் தடம் சொரசொரப்பில் மறைந்துவிடும், நிறமும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆனால் முழுக் கெட்டி ஆக வாரங்கள் ஆகும். அதற்குள் ஸ்பேனர் பட்டால் பெயர்ந்து வரும்.

டூ-கே, அதாவது பெயின்டும் ஹார்டனரும் தனித்தனியாக வந்து அடிக்கும் முன் கலக்கும் யூரித்தேன், பெட்ரோலையும் எண்ணெயையும் மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்குகிறது. ஓட்டுகிற காருக்கு எங்கள் தேர்வு இதுதான். குறை, பளபளப்பு அதிகம். மேட்டிங் ஏஜென்ட் கலந்து அரைப் பளபளப்புக்கு இறக்காவிட்டால் எஞ்சின் பொம்மை போலத் தெரியும். ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருப்பதால் சாதாரண முகமூடி போதாது, காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் கட்டாயம். மேலே கிளியர் கோட் வேண்டவே வேண்டாம்.

இந்த மூன்று பெயின்டும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் நிற்காது. அதன் சூடு 400 டிகிரியைத் தாண்டும். செவர்லேயில் தொழிற்சாலை ஸ்ப்ரேயின் சிதறல் மானிஃபோல்டில் பட்டு முதல் சில ஓட்டங்களிலேயே எரிந்து போனது. அதையும் அப்படியே காட்ட விரும்புபவர்கள் புகையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்க நிறத்துக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பாணியில் பித்தளைத் தூள் கலந்த தங்கம் அடித்த அன்று அழகாக இருக்கும், பிறகு ஆக்சிஜன் பட்டுப் பழுப்பாகும். அலுமினியத் துகளில் மஞ்சள் சாயம் ஏற்றியது நிறம் மாறாமல் நிற்கும். வாங்கும் முன் எது என்று கேளுங்கள்.

உரிந்து வரும் எஞ்சின்களில் பெரும்பாலும் குற்றம் பெயின்டில் இல்லை. வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் எண்ணெய் ஒளிந்திருக்கும். துடைத்த பிறகு ஹாட் ஏர் கன்னால் கை வைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவந்தால் அது வெளியே கசியும். ஆறவிட்டுத் தின்னரில் மறுபடி துடைத்து, துணி சுத்தமாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். சுத்தமான இரும்பு சில மணி நேரத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால் அன்றே முதல் கோட் விழ வேண்டும். அலுமினியப் பாகங்களுக்கு எட்ச் பிரைமர் (உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் அடிக் கோட்) இல்லாமல் அடித்தால் விளிம்பில் இருந்து செதில் செதிலாகக் கழன்று வரும்.

எர்த் ஸ்ட்ராப் உட்காரும் இடம், டெம்பரேச்சர் சென்சாரின் மரை, போல்ட் தலை உட்காரும் வட்டம், மெஷினில் சமப்படுத்திய எல்லா முகங்கள் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். எர்த் இடத்தில் பெயின்ட் ஏறினால் ஸ்டார்ட்டர் இழுக்கத் திணறும், பழி பேட்டரி மேல் விழும். போல்ட்டுக்கு அடியில் தடித்த கோட் இருந்தால் சூட்டில் அது நசுங்கி போல்ட்டின் இறுக்கம் தளரும். எஞ்சின் எண் குத்திய தட்டையான இடத்தை உப்புத்தாளால் தொடாதீர்கள். அந்தக் குறிகள்தான் எஞ்சினின் அடையாளம். அதன் மேல் மெல்லிய ஒரு கோட் போதும்.

வால்வ் கவரைப் பிறகு கழற்றும்போது கேஸ்கட் கோட்டில் முதலில் பிளேடால் கீறுங்கள், இல்லையென்றால் பெயின்ட் பட்டையாக உரியும். அந்தச் சின்ன வேலைகளுக்காகக் கலந்த பெயின்டில் 100 மில்லி எடுத்து, காற்று இடமில்லாமல் சிறு கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, கலவை அளவை மேலே எழுதி வையுங்கள். டூ-கே என்றால் நிறத்தை மட்டும் சேமிக்கலாம். திறந்த ஹார்டனர் காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும், தேவைப்படும்போது புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.