கூஸ் வாத்து முட்டைக்கு அடை: தாயா, செவிலித்தாயா, இன்குபேட்டரா?

வீட்டுத் தோட்டத்தில் கூஸ் வாத்து வளர்ப்பவர்கள் முட்டைப் பருவம் தொடங்கியதுமே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். முட்டைகளைத் தாயின் கூட்டிலேயே விட்டுவிடலாம். எடுத்து அடைக்கோழிக்கோ மணிலா வாத்துக்கோ வைக்கலாம். இல்லையென்றால் முட்டை பொரிக்கும் இயந்திரமான இன்குபேட்டரில் அடுக்கலாம். மூன்று வழிகளுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஆனால் மூன்று தரப்பினரும் வைத்த முட்டையில் எத்தனை பொரிந்தது என்ற ஒரே கணக்கைக் காட்டித்தான் பெரும்பாலும் வாதிடுகிறார்கள். கோழி முட்டைக்கு அந்தக் கணக்கு ஏறக்குறையப் போதும். கூஸுக்கு அது பாதிக் கணக்குதான், ஏனென்றால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய இந்தப் பறவை, முட்டையை விட்டு வெளிவந்த முதல் ஓரிரு நாட்களில் யாரைப் பார்த்து எழுந்து நடந்தது என்பதை எளிதில் மறப்பதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முட்டையில் கருக்கூடியிருக்க வேண்டும் என்பதால், அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. பெட்டை முதல் ஆண்டிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும் என்றாலும், அம்முட்டைகள் சிறியவையாகவும் கருக்கூடும் வாய்ப்புக் குறைந்தவையாகவும் இருக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்துதான் அவற்றை நம்பி அடை வைக்கலாம். கனத்த இனங்களில் ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெட்டைகள், சீனக் கூஸ் போன்ற இலகுவான இனங்களில் நான்கைந்து பெட்டைகள் என்பது பொதுவான அளவு. ஆனால் ஆணுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. ஒரு பெட்டையோடு மட்டும் இணை சேர்ந்துகொண்டு மற்றொன்றைத் திரும்பியும் பாராத ஆண்கள் அரிதல்ல, அந்தப் பெட்டையின் முட்டைகள் அத்தனையும் கூமுட்டையாகும்போதுதான் அது வளர்ப்பவருக்குத் தெரியவரும். நீரின் மேல் இணை சேர்வதையே இவை விரும்புவதால், உடல் கனத்த இனங்களுக்கு இடுப்பளவு ஆழமில்லாவிட்டாலும் நீந்தும் அளவுக்காவது ஒரு தொட்டி இருந்தால் கருக்கூடும் வாய்ப்பு மேம்படுகிறது.

முட்டை எண்ணிக்கையும் நாம் தேர்ந்தெடுக்கும் வழியைப் பொறுத்தே மாறுகிறது. ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டையிடும் பெட்டை, முட்டைகள் கூட்டிலேயே சேர்ந்துகொண்டு போனால் ஏழெட்டு முதல் பன்னிரண்டு முட்டைகளோடு நிறுத்திவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும். அன்றாடம் எடுத்துக்கொண்டே வந்தால் தொடர்ந்து இடும். எம்டன், டூலூஸ் போன்ற கனத்த இனங்கள் ஒரு பருவத்தில் 20 முதல் 40 வரையும், சீன இனம் அதைத் தாண்டியும் இடக்கூடியவை. ஆக, தாயிடம் விடுவது என்பது அந்தப் பருவத்தின் முட்டைகளில் பெரும்பகுதியை இழப்பது என்றும் பொருள்படும். தாய் அடையை ஆதரிப்பவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதேயில்லை.

அதே நேரம், அடைகாப்பதில் கூஸ் பெட்டைக்கு நிகர் எதுவுமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னால் சுவரோ புதரோ இருந்து, முன்னால் பார்வை திறந்திருக்கும் ஓர் ஒதுக்குப்புறத்தைத் தேர்ந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி எட்டிய வைக்கோலையும் சருகையும் அலகால் தன் பக்கம் இழுத்து அடுக்கி அது கூடு கட்டுகிறது. தொடக்கத்தில் முட்டைகளை வைக்கோலால் மட்டும் மூடிவிட்டுப் போகும் பெட்டை, அடையில் அமரும் நாள் நெருங்கும்போது தன் மார்பிலிருந்து மென்மையான சிற்றிறகான தூவியைப் பிடுங்கிக் கூட்டின் உள்பக்கம் மெத்தையாகப் பரப்புகிறது. கூட்டில் தூவி தென்பட்டால் இன்னும் சில நாட்களில் அடை தொடங்கப்போகிறது என்று கொள்ளலாம். முட்டை அனைத்தையும் இட்டு முடிக்கும் தறுவாயில்தான் அது முழுமூச்சாக உட்காருகிறது என்பதால், இரண்டு மூன்று வார இடைவெளியில் இடப்பட்ட முட்டைகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பொரிகின்றன.

அடைக்காலம் இனத்தைப் பொறுத்து 28 முதல் 32 நாட்கள். கனத்த இனங்களில் சில முட்டைகள் ஓரிரு நாள் பிந்துவதும் உண்டு. இந்த நாட்கள் முழுவதும் பெட்டை நாளுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ எழுந்து, தூவியால் முட்டைகளை மூடிவைத்துவிட்டு, சிறிது மேய்ந்து, குளித்து, ஈர வயிற்றோடு திரும்பி வந்து அமர்கிறது. முட்டை சற்றுக் குளிர்வது, ஈரம் படுவது, நாள் முழுக்கப் பலமுறை புரட்டப்படுவது ஆகிய மூன்றும் இயல்பாகவே இதில் நடந்துவிடுகின்றன. கூட்டின் விளிம்பைத் தாண்டி உருண்டுவிட்ட முட்டையைக் கழுத்தை நீட்டி, அலகின் அடிப்பக்கத்தால் தடவித் தடவி உள்ளே இழுத்துக்கொள்ளும் காட்சியைக் கண்டவர்கள் பலர் இருப்பார்கள். விலங்கு நடத்தை ஆய்வாளர்களான கொன்ராட் லாரன்ஸும் நிக்கோ டின்பெர்கனும் 1938இல் சாம்பல் கூஸ்களைக் கொண்டு இந்த அசைவை ஆராய்ந்து எழுதினார்கள். இழுக்கத் தொடங்கிய பின் முட்டையை நாம் எடுத்துவிட்டாலும் அலகு வெற்று நிலத்தைத் தடவியபடி அந்த அசைவை முடித்துவிட்டே நிற்கும். முட்டை வடிவில் இருக்கும் பிற பொருட்களையும் பெட்டை தனதென்று இழுத்துக்கொள்வதுண்டு. கூட்டில் மரத்தாலான போலி முட்டை ஒன்றிரண்டை வைத்துவிட்டு உண்மை முட்டைகளை எடுப்பவர்கள் பயன்படுத்திக்கொள்வதும் இந்த இயல்பைத்தான்.

தாய் அடையின் குறைகள் பெரும்பாலும் தாயிடம் இல்லை, சுற்றுப்புறத்திலேயே இருக்கின்றன. ஆண் கூஸ் அடையில் உட்காராது. கூட்டுக்குச் சற்றுத் தொலைவில் நின்று காவல் மட்டும் காக்கும். பகலில் வரும் நாயையும் அந்நியரையும் அது விரட்டிவிடலாம், இரவில் வரும் பெருச்சாளியையும் கீரியையும் அவ்வாறு நம்பி விட முடியாது. இரண்டு பெட்டைகள் ஒரே கூட்டில் முட்டையிட்டுவிட்டு யார் உட்காருவது என்று சண்டையிட்டால், முட்டைகள் உடைவதோடு, புதிதாகச் சேர்ந்த முட்டைகளால் பொரிக்கும் நாளும் சிதறிவிடும். முதலில் பொரிந்த குஞ்சுகளோடு தாய் கூட்டைவிட்டு இறங்கிவிட, ஓட்டைக் கொத்தத் தொடங்கிய குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே குளிர்ந்து இறப்பது அப்போதுதான். பெட்டைக்கு ஒரு கூடு வீதம், ஒன்றுக்கொன்று பார்வையில் படாமல் அமைத்துக் கொடுத்து, அடை தொடங்கிய நாளில் முட்டைகளில் பென்சிலால் குறியிட்டு, பின்னர் குறியில்லாமல் தென்படுபவற்றை உடனுக்குடன் அகற்றிவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும்.

செவிலித்தாய் என்று வரும்போது கோழியையும் மணிலா வாத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தவறு. அடைக்கோழி நான்கைந்து கூஸ் முட்டைகளுக்கு மேல் மூடாது. 140 முதல் 200 கிராம் வரை எடையுள்ள முட்டையைத் தன் அலகால் புரட்டவும் அதற்கு வலுவில்லை. கழுத்தை வளைத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, முட்டை அசையாததைக் கண்டு அப்படியே அமர்ந்துவிடும். ஆகவே கோழி தீனிக்கு எழும் வேளையில் நாம்தான் முட்டைகளைப் புரட்டவேண்டும், வெதுவெதுப்பான நீரும் தெளிக்கவேண்டும். 21 நாளில் முடியவேண்டிய அடை ஒரு மாதத்துக்கு நீள்வதைப் பல கோழிகள் பொறுத்துக்கொள்கின்றன, சில கோழிகள் இடையிலேயே எழுந்துவிடுகின்றன. பொரித்தபின்னும் சிக்கல் உண்டு. மூன்று வாரத்தில் குஞ்சு ஏறக்குறையக் கோழியின் பருமனுக்கு வந்துவிடுவதால் இறக்கைக்குள் ஒடுங்க இடமிருக்காது, குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் கோழி கரையில் நின்று பதறும். வான்கோழி உடலால் பெரியது, அடைக்காலமும் 28 நாள் என்பதால் கோழியைவிட மேல்.

மணிலா வாத்து இவ்விரண்டையும் விட வெகுவாக உயர்ந்தது. மஸ்கோவி என்றும் அழைக்கப்படும் இந்த வாத்து தன் சொந்த முட்டையையே 35 நாள் அடைகாப்பதால், கூஸ் முட்டைக்கு வேண்டிய ஒரு மாதம் அதற்குப் பெரிய காத்திருப்பு அல்ல. ஆறேழு கூஸ் முட்டைகளை மூடக்கூடிய உடலும், கூட்டில் தூவி பரப்பும் பழக்கமும், குளித்துவிட்டு ஈரத்தோடு திரும்பும் வழக்கமும் அதற்கு உண்டு. குஞ்சுகளைத் தண்ணீருக்கு அழைத்துச் செல்லும், இரவில் மூடியும் படுக்கும். செவிலித்தாய் ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் மணிலா வாத்துதான். ஆனால் நமக்கு முட்டை சேர்ந்திருக்கும் அதே வாரத்தில் அதுவும் அடைக்கு வரவேண்டுமே. அந்தப் பொருத்தம் அமைவது நம் கையில் இல்லை.

அந்தப் பொருத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்பதுதான் இன்குபேட்டரின் முதல் வசதி. குளிர்ந்த இடத்தில், 13 முதல் 16 டிகிரி செல்சியஸில், நாளும் புரட்டி வைத்துச் சேர்த்த முட்டைகளை ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாளுக்குள் அடுக்கிவிடலாம். ஆனால் கோழி முட்டைக்குப் பழகியவர்கள் கூஸ் முட்டையில் இங்கேதான் தோற்கிறார்கள். விசிறியுள்ள இயந்திரத்தில் 37.5 டிகிரி என்ற வெப்பநிலை இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம், மற்றவை எதுவும் பொதுவல்ல. கூஸ் முட்டை படுக்கைவாட்டில் கிடக்கவேண்டும், 180 பாகை புரளவேண்டும். கோழி முட்டைக்காக அமைந்த தானியங்கித் தட்டு சற்றே சாய்த்துக் கொடுப்பது இதற்குப் போதாது என்பதால், ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் இட்டு, கையால் நாளுக்கு மூன்று முறையேனும் புரட்டுவதே நம்பகமானது. இரண்டாம் வாரத்திலிருந்து கொழுப்பு மிகுந்த இந்தப் பெரிய முட்டையின் கரு தானே வெப்பத்தை வெளிவிடத் தொடங்குகிறது. தாய் எழுந்து மேயப் போகும் அந்தக் கால் மணி நேரத்தை ஈடுசெய்ய, நாமும் நாளுக்கொருமுறை மூடியைத் திறந்து முட்டைகளை ஆறவிட்டு, வெதுநீர் தெளித்து மூடவேண்டும்.

ஈரப்பதத்தை 50 முதல் 55 சதவீதத்தில் வைத்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் மதிப்பில், அளவுகோலின் முள்ளை நம்புவதைவிட முட்டையை எடைபோடுவது மேலானது. ஓட்டைக் கொத்தத் தொடங்கும் முன் முட்டை தன் எடையில் சுமார் 13 சதவீதத்தை இழந்திருக்கவேண்டும்; 160 கிராம் முட்டை என்றால் ஏறத்தாழ 21 கிராம். இழப்புக் குறைந்தால் முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை சிறுத்து, குஞ்சு நீர்கோத்துத் திரும்ப இடமின்றி உள்ளேயே இறக்கிறது. மிகுந்தால் உள்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது. 27ஆம் நாள் வாக்கில் புரட்டுவதை நிறுத்தி ஈரப்பதத்தை 75 சதவீத அளவுக்கு உயர்த்தியபின், முதல் கீறல் விழுவதற்கும் குஞ்சு வெளிவருவதற்கும் இடையே இரண்டு நாள் வரை ஆகலாம். ஆவல் மேலிட்டு மூடியைத் திறந்து ஓட்டைப் பிய்த்து உதவுபவர்கள், குருதி ஓடிக்கொண்டிருக்கும் தோலைக் கிழித்துக் குஞ்சையே இழந்துவிடுகிறார்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், முதிர்ந்த பெட்டையின் ஒழுங்கான அடை தரும் பொரிப்பை வீட்டு இன்குபேட்டர் எட்டுவது அரிது. எண்ணிக்கை அளவில் இயந்திரம் முந்துவதற்குக் காரணம் அதன் திறமையல்ல, தாய் உட்காராமல் தொடர்ந்து இட்ட கூடுதல் முட்டைகள்தான்.

கணக்கின் மறுபாதி பொரித்த அன்று தொடங்குகிறது. கூஸ் குஞ்சு கண்ட முதல் அசையும் உருவத்தைத் தாயாகப் பதித்துக்கொள்ளும் இயல்பை விரிவாக ஆராய்ந்தவரும் லாரன்ஸே. விலங்குகளின் நடத்தை குறித்த அவரது பணிக்கு 1973இல் நோபல் பரிசும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்குபேட்டர் குஞ்சு மனிதரின் காலைப் பற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது முதல் மாதத்தில் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அதுவே ஆணாக வளர்ந்து, இரண்டாம் ஆண்டில் பருவம் எய்தி, மனிதரைத் தன் இனமாகவும் ஆகவே தன் போட்டியாளராகவும் எண்ணிக் கழுத்தை நீட்டித் தாக்க வரும்போது அந்த மகிழ்ச்சி எஞ்சியிருப்பதில்லை. தாயோடு வளரும் குஞ்சு முதல் நாளிலிருந்தே எந்தப் புல்லை எப்படிக் கிள்ளுவது என்பதைப் பார்த்துப் பழகுகிறது. தாயின் வயிற்றுத் தூவியில் உராய்வதால் அதன் உடலும் நீர் ஒட்டாமல் இருக்கிறது. இயந்திரக் குஞ்சுக்கு வெப்ப விளக்கும், வழுக்காத தரையும், நனைந்து குளிராமல் காவலும் நாம்தான் தரவேண்டும். எனினும் தாயோடு வளர்ந்தவை மனிதரை அண்டவிடாத அளவுக்கு விலகி நிற்பதும் உண்மை. கையில் தூக்கிப் பழக வேண்டிய பறவை வேண்டுமென்றால் அதற்கு இயந்திரமே வழி.

இரண்டு மூன்று பெட்டைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றையும் வரிசையாகப் பயன்படுத்தும் முறையை. பருவத்தின் முதல் முட்டைகளை எடுத்து மணிலா வாத்துக்கோ, அது அமையாவிட்டால் இன்குபேட்டருக்கோ கொடுத்துவிட்டு, பிற்பகுதி முட்டைகளைப் பெட்டையிடமே விட்டுவிட வேண்டும். முட்டைகளை எடுத்துப் பருவம் முழுவதும் அடைக்கே விடாமல் வைத்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் அடைகாக்கத் துடிக்கும் பெட்டையை ஆண்டுதோறும் வெறும் கூட்டிலிருந்து விரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. சீன இனத்தில் பல பெட்டைகளுக்கு அடை குணமே மெலிந்திருப்பதால், அவற்றை வளர்ப்பவர்களுக்கு மட்டும் இன்குபேட்டர் முதல் தெரிவாகவே இருக்கட்டும்.

இம்முறையில், இயந்திரத்தில் அடுக்கும் நாளைத் தாய் அடையில் அமரும் நாளோடு ஒத்துவருமாறு கணக்கிட்டுக்கொண்டால், இயந்திரக் குஞ்சுகளையும் தாயிடமே சேர்த்துவிடலாம். பொரித்து ஒரு நாளுக்குள், உடல் உலர்ந்த குஞ்சுகளை, இருட்டியபின் டார்ச்சை நேராக அடிக்காமல் எடுத்துச் சென்று, பெட்டையின் இறக்கைக்குக் கீழே பக்கவாட்டிலிருந்து ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். பெட்டை சீறும், கையைக் கடிக்கவும் செய்யும் என்பதால் முழுக்கைச் சட்டை அணிந்துகொள்வது நல்லது. மறுநாள் காலையில் ஆண் கூஸ் கூட்டின் அருகே வந்து குஞ்சுகளை வரவேற்கும் குரல் எழுப்பினால் கவலையில்லை. ஏதேனும் ஒரு குஞ்சை அலகால் தள்ளிவிட்டால், அதை மட்டும் எடுத்து விளக்கின் வெப்பத்தில் வைத்து, அன்றிரவே இன்னொருமுறை நுழைத்துப் பார்க்கலாம்.