பட்டறையில் கூட்டிய ஜீப்புக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துத் தருவதாகச் சொன்னவரிடம் ஏமாந்தேன்: முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

2025 பிப்ரவரியில் ஒரு காலை, கடலூரில் மோட்டார் வாகன ஆய்வாளர் என் ஜீப்பின் முன்சக்கரத்துக்கு அருகே குனிந்து, வண்டியின் அடிச்சட்டத்தில் குத்தியிருக்கும் அடையாளமான சேசிஸ் எண் இருந்த இடத்தைத் தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தார். புதிதாக அடித்திருந்த கறுப்பு பெயிண்ட் கரைந்து வந்ததும், அடியில் அரம் போட்டுத் தேய்த்த கோடுகளும், முழுதாக அழியாத பழைய எண்களின் வளைவுகளும், அவற்றின் மேல் கோணலாகக் குத்தப்பட்ட புதிய எண்களும் தெரிந்தன. 4,80,000 ரூபாயும் 8 மாதக் காத்திருப்பும் அந்தக் கையகல இரும்பில் முடிந்துபோயின. இதே பேச்சை நம்பி இன்னும் சிலர் புதுச்சேரிப் பக்கம் பணம் கொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டதால், நடந்ததை எழுதுகிறேன்.

என் தந்தையார் அரசுத் துறை ஒன்றில் ஜீப் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைச் சொந்த ஜீப்பில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது எனக்கு நெடுநாளைய ஆசை. 2024 மார்ச்சில் ஒரு புரோக்கர் மூலம் புதுச்சேரியில் உள்ள பட்டறை ஒன்றுக்குப் போனேன். பழைய சேசிஸ், வேறொரு வண்டியின் டீசல் இன்ஜின், ஹரியானாவின் டப்வாலியிலிருந்து வரும் புதிய பாடி ஆகியவற்றைச் சேர்த்து, நான் விரும்பியபடி ஒரு ஜீப்பைக் கூட்டித் தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். பதிவைப் பற்றிக் கேட்டபோது, "ஒத்தை வண்டிக்குன்னு தனி அப்ரூவல் டெஸ்ட் இருக்கு சார், அதை நானே பாஸ் பண்ணிக் குடுத்துடறேன்" என்று சொல்லி, கைப்பேசியில் ஒரு காணொளியையும் காட்டினார். அதில், வீட்டில் கட்டிய கிட் காரை ஒரு வெள்ளைக்கார அதிகாரி சோதித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காணொளியில் இருந்தது உண்மைதான். ஆனால் அது பிரிட்டன். அங்கே 2009 முதல் ஐ.வி.ஏ. என்ற தனி வாகன ஒப்புதல் முறை இருக்கிறது. தன் வீட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு காரைக் கட்டியவரும் அதை ஓட்டிப் போய்ச் சோதனைக்கு நிறுத்தலாம். பிரேக், புகை, ஒலி, விளக்கு ஆகியவற்றோடு, வெளியே துருத்தி நிற்கும் விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்கின்றனவா என்பது வரை பார்ப்பார்கள். தேறினால் அதை வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

நம் நாட்டில் அப்படி ஒரு வாசல் இல்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதி, வண்டியைத் தயாரிப்பவர் அதன் மாதிரியைப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்களில் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும் என்கிறது. புதிய கார் மாடல்களுக்கு 2017 அக்டோபரிலிருந்து மோதல் சோதனையும் கட்டாயம். ஒரே ஒரு வண்டி கட்டியவர் அதை மோதி நொறுக்கக் கொடுத்துவிட்டால் பதிவு செய்ய எது மிஞ்சும்? 2020 ஏப்ரல் 1 முதல் புதிதாகப் பதிவாகும் வண்டி பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதால், பழைய ஜீப் டீசல் இன்ஜின் அந்த இடத்திலேயே தோற்றுவிடும். புதுப் பதிவுக்கு விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளர் தரும் சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22 ஆகிய இரண்டும் வேண்டும். இவற்றை எந்தப் பட்டறையாலும் தர முடியாது. இவை எல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அரை மணி நேரம்கூடச் செலவிடாதது என் தவறு.

மூன்று மாதம் கழித்து, டெஸ்ட் தேதி என்ன ஆயிற்று என்று கேட்டபோது பட்டறைக்காரரின் பேச்சு மாறியது. "அதெல்லாம் லேட் ஆகும், விண்டேஜ்ல போட்டுடலாம்" என்றார். 2021இல் வந்த விண்டேஜ் விதியும் உண்மைதான். 50 ஆண்டுகளைக் கடந்த, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசலாக வைத்திருக்கும் வண்டிகளுக்கு உரியது அது. என் ஜீப்பில் அசல் என்று சொல்ல ஸ்டியரிங்கூட இல்லை. இறுதியில், 1984இல் பதிவான வேறொரு ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவந்து, பெயர் மாற்றமும் புதுப்பித்தலும் செய்து எஃப்.சி. வாங்கிவிடலாம் என்றார். பழைய மூன்றெழுத்து எண் என்பதால் கணினியில் ஏறவில்லை என்று சொன்னதையும் நம்பினேன். புதுச்சேரியில் வரி குறைவு, வாடகை ஒப்பந்தம் ஒன்று தயார் செய்து அங்கேயே உங்கள் பெயரில் மாற்றிவிடலாம் என்றும் சொன்னார். இல்லாத முகவரியில் நான் எதையும் பதிவு செய்ய மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். ஆனால் அப்படிப் பேசியவரிடமிருந்து அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும்.

நவம்பரில் வண்டி கைக்கு வந்தது. புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டி, கடலூர் ஆல்பேட்டை வரை தந்தையார் பக்கத்தில் உட்கார்ந்து, கியர் மாறும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். "பிரேக் ஒரு பக்கமா இழுக்குது தம்பி" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. இரவில் ஓட்டி வந்த அந்த 20 கிலோமீட்டரும் சட்டப்படி குற்றம் என்பதைப் பிறகு அறிந்தேன்.

சோதனை நாளில் அந்த ஆய்வாளர், அதாவது பிரேக் இன்ஸ்பெக்டர், கண்ணியமாகவே நடந்துகொண்டார். முதலில் அவர் பிரேக்கைப் பார்க்கவில்லை, ஆர்.சி.யைத்தான் பார்த்தார். அதில் எரிபொருள் பெட்ரோல் என்றிருந்தது. வண்டி டீசலில் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு டேப்பைப் பிடித்து முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அளந்தார். ஆர்.சி.யில் இருந்தது 80 அங்குலம். டேப் 91 அங்குலம் காட்டியது. அதன் பிறகுதான் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுக்கத் தாளை வைத்தார், தாளில் எண்கள் இரட்டையாக விழுந்தன, தின்னரைக் கேட்டார். என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எண் அழிக்கப்பட்டிருப்பதால் அது திருட்டு வண்டியின் சேசிஸாகவும் இருக்கலாம், உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று அறிவுறுத்தினார், அன்றே கொடுத்தேன்.

ஆர்.சி. உயிரோடு இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவின்படி, மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பட்டறைக்காரர் இதில் ஒன்றைக்கூட என்னிடம் சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வண்டியைத்தான் கொடுத்துவிட்டேனே என்றார். பல நடைக்குப் பிறகு 60,000 ரூபாய் தந்தார், பின்னர் அழைப்பை எடுப்பதே இல்லை. நான் கொடுத்ததில் 1,50,000 மட்டுமே கைப்பேசி வழியாகப் போனது. மீதி ரொக்கம், ரசீது கிடையாது. கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இப்போது மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பட்டறை புதுச்சேரியில் இருப்பது தடையல்ல. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இப்போது யாராவது பேரம் பேசிக்கொண்டிருந்தால், முதலில் ஆர்.சி.யின் அசலைக் கேளுங்கள், நகலை ஏற்காதீர்கள். அந்த எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எண் வரவில்லை என்றால், அது பதிவான அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரியுங்கள். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் படிவம் 21இன் அசல் இருக்க வேண்டும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே சேசிஸ் எண்ணை உங்கள் கையாலேயே தாளில் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஜீப் மீது ஆசை உள்ளவர்கள் எங்கள் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். விவரமெல்லாம் ஒத்துப்போகிற, பதிவு உயிரோடு உள்ள பழைய ஜீப்பை வாங்கி, அதை அதன் அசல்படியே சீர்செய்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். என் வண்டி இப்போது காவல் நிலைய வளாகத்தில் நிற்கிறது. உப்புக்காற்றில் டப்வாலி பாடியின் கதவோரம் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.