ஆளை மாற்றாமல் ஆளைச் சேர்த்த ஆல்பம்: அயர்ன் மெய்டனின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்'

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டன் மேல் நான் பைத்தியம்தான், மறைக்கவில்லை. ஆனால் 1998இல் வந்த 'வர்ச்சுவல் லெவன்' ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்டு முடிக்க என்னாலேயே முடிந்ததில்லை. அதில் 'தி ஏஞ்சல் அண்ட் தி கேம்ப்ளர்' என்று ஒரு பாட்டு, கிட்டத்தட்ட பத்து நிமிஷம், ஒரே பல்லவி கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி திரும்பத் திரும்ப வரும். சரி இப்போது முடியும், இப்போது முடியும் என்று காத்திருந்து, கடைசியில் நாமே எழுந்துபோய் நிறுத்துவோம். அந்த இடத்திலிருந்து இரண்டே வருஷத்தில், 2000 மே மாதக் கடைசியில், 'பிரேவ் நியூ வேர்ல்ட்' வந்தது. ஹெவி மெட்டலில் ரீ என்ட்ரி கொடுத்தவர்கள் நிறையப் பேர், ஆனால் எனக்கு அளவுகோல் இன்றைக்கும் இதுதான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித் 1990இல் போய்விட்டார், அவர் இடத்துக்கு ஜேனிக் கெர்ஸ் வந்தார். 1993இல் பாடகர் புரூஸ் டிக்கின்சனும் போய்விட, பிளேஸ் பெய்லி என்பவரைக் கொண்டுவந்து இரண்டு ஆல்பம் போட்டார்கள். 1999இல் பிளேஸ் வெளியே, புரூஸும் ஏட்ரியனும் உள்ளே. ஜேனிக்கை என்ன செய்வது? எதுவும் செய்யவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். டேவ் மர்ரேயோடு சேர்த்து மூன்று கிட்டார். பழைய ஆள் திரும்பி வந்தால் அவர் இடத்தில் இருந்தவருக்குக் கும்பிடு போட்டு அனுப்புவதுதான் வழக்கம், இவர்கள் பந்தியில் இன்னொரு இலை போட்டார்கள். ஆல்பத்தின் சத்தமே அந்த முடிவிலிருந்து வந்ததுதான் என்பது என் கட்சி.

பிளேஸைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்கே போனாலும் அவரைத்தான் போட்டு அடிக்கிறார்கள். அவருடையது கனமான, கீழே இறங்கி நிற்கும் குரல். புரூஸுடையது உச்சஸ்தாயியில் போய் உட்கார்ந்துகொள்ளும் குரல். மேடையில் பழைய பாட்டுகளைச் சுருதி இறக்காமல் பிளேஸைப் பாடவைத்தார்கள், அது அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டைக்குள் ஆளைத் திணித்த மாதிரி. தப்பு அவர் தொண்டையில் மட்டும் இல்லை. போதாததற்கு அந்த இரண்டு ஆல்பங்களும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸின் சொந்த ஸ்டூடியோவில், அவரே தயாரிப்பிலும் உட்கார்ந்து செய்தவை. அவர் பேண்டின் நிறுவனர் வேறு, வேண்டாம் என்று யார் சொல்வது?

'பிரேவ் நியூ வேர்ல்ட்'டுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். பாரிஸில் கீயோம் டெல் ஸ்டூடியோ, தயாரிப்பாளராக வெளியாள் கெவின் ஷெர்லி, ஹாரிஸ் கூட்டுத் தயாரிப்பு மட்டும். ஒவ்வொருவராக வாசித்து ஒட்டுவதற்குப் பதிலாக, முடிந்தவரை எல்லோரையும் ஒன்றாக நிற்கவைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார் ஷெர்லி. அது காதில் தெரிகிறது. டிரம்ஸும் பேஸும் இழுத்த இழுப்புக்குக் கிட்டார் கொஞ்சம் முன்னே பின்னே போகிற இடங்கள் உண்டு, அவற்றைத் துடைத்து எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

முதல் பாட்டு 'தி விக்கர் மேன்'. பீடிகை கிடையாது, ஒற்றைக் கிட்டார் ஒரு ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டுத் துண்டு) வெடுக்கென்று ஆரம்பிக்கிறது, நிக்கோ மெக்பிரெய்ன் டிரம்ஸோடு வந்து விழுகிறார், அப்புறம் புரூஸ். ஹெட்போனில் கேட்டால் அந்த முதல் சில நொடிகளிலேயே 'ஆஹா, இது ஏட்ரியன் கை' என்று தெரிந்துவிடும். ஜேனிக் காற்றில் வாள் சுழற்றுகிற மாதிரி வாசிப்பவர், எங்கே விழும் என்று அவருக்கே தெரியாதோ என்று தோன்றும், அதில் ஓர் அழகு உண்டு. மர்ரே வழுக்கிக்கொண்டு போவார். ஏட்ரியன் மட்டும் தனியாக வாசிக்கும் சோலோவைக்கூடப் பாட்டு மாதிரி வாசிப்பார், எடுப்பு, நடுவில் ஒரு திருப்பம், முடிப்பு, வாயால் முணுமுணுக்கலாம். பாட்டின் கடைசியில் வார்த்தையே இல்லாமல் ஓ ஓ என்று ஒரு கூட்டுக்குரல் வருகிறதே, அது ஸ்டேடியத்துக்காகவே செய்தது. கிராமி பரிந்துரைவரை போன பாட்டு, பரிசு கிடைக்கவில்லை.

பத்துப் பாட்டில் எழுதியவர்கள் பட்டியலில் ஏட்ரியன் பெயர் இரண்டே இரண்டில்தான் இருக்கிறது: இதுவும் 'தி ஃபாலன் ஏஞ்ச'லும். ஆல்பத்திலேயே சின்னப் பாட்டுகள் இவைதான், ஒன்று நாலரை நிமிஷம், இன்னொன்று நாலு. மற்றவர்கள் ஒன்பது நிமிஷத்தில் சொல்வதை இவர் நாலில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார். எல்லோரும் புரூஸ் திரும்பி வந்ததைத்தான் கொண்டாடுகிறார்கள், நானும்தான், ஆனால் இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு ஏட்ரியன். என் நண்பன் ஒருவன் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டான், 'ரெண்டு பாட்டு எழுதினவன் எப்படிடா முதுகெலும்பு' என்பான். அவன் 'கோஸ்ட் ஆஃப் தி நேவிகேட்ட'ரை இன்னொரு முறை கேட்கட்டும். கடலோடியின் கதை, மெதுவாகத் தொடங்கி, மூன்று கிட்டாரும் அலை மேல் அலையாக ஏறுகிற இடத்தில் ஒன்று மற்றொன்றின் காலை மிதிக்கவே இல்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆல்பங்களில் இரண்டு கிட்டார் இருந்தும் இந்தக் கனம் இல்லை.

தலைப்புப் பாட்டு ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1932 நாவலின் பெயரை எடுத்துக்கொண்டது. ஆரம்பக் கிட்டாரும் புரூஸின் அடங்கிய குரலும் அருமை, பல்லவியைத்தான் இன்னும் நாலு தடவை குறைத்திருக்கலாம். இந்த வியாதி ஹாரிஸை விட்டுப் போகவில்லை. 'ட்ரீம் ஆஃப் மிரர்ஸ்' ஒன்பதே கால் நிமிஷம், கடைசிப் பகுதியில் குதிரைப் பாய்ச்சலாக வேகம் எடுக்கிறதே, அதற்காக மன்னிக்கலாம். 'தி நோமட்' இன்னொரு ஒன்பது நிமிஷம், பாலைவன வாடை அடிக்கும் மெட்டு, நடுவில் எல்லாம் அடங்கி நீண்ட வாத்தியப் பகுதி. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் கேட்கலாம், வீட்டில் உட்கார்ந்து கேட்டால் நான் தாண்டிவிடுவேன். 'தி மெர்சினரி' பரவாயில்லை ரகம்.

நான் இந்த ஆல்பத்தை யாருக்காவது முதன்முதலாகப் போட்டுக்காட்டுவதாக இருந்தால் 'பிளட் பிரதர்ஸ்'தான் போடுவேன். ஹாரிஸ் தன் அப்பா இறந்த பிறகு அவரை நினைத்து, தனியாக எழுதியது. மெய்டன் என்றாலே தடதடவென்று ஓடும் பேஸ் என்று நினைப்பவர்களுக்கு இதன் நடையே ஆச்சரியமாக இருக்கும், நம் கணக்கில் திஸ்ரம், மூன்று மூன்றாக ஆடிக்கொண்டு போகிறது, தொட்டில் மாதிரி. பின்னால் ஆர்க்கெஸ்ட்ரா ஒலி ஒன்று மெல்ல நிரம்புகிறது. புரூஸ் கத்துவதே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கத்துவதற்கு முன் ரொம்ப நேரம் பொறுமையாக இருக்கிறார். என் அப்பாவுக்கு ஹெவி மெட்டல் என்றால் 'தகர டப்பாவைத் தெருவில் உருட்டுவது'. ஒருநாள் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது நான் நிறுத்தப் போனேன், 'இருக்கட்டும்' என்றார். அவ்வளவுதான், வேறெதுவும் சொல்லவில்லை, பேப்பரிலிருந்து தலையையும் எடுக்கவில்லை.

அடுத்த ஜனவரியில், 2001இல், பிரேசிலின் 'ராக் இன் ரியோ' இசைவிழா மேடை ஏறியபோது இந்த ஆல்பத்திலிருந்து ஆறு பாட்டு வாசித்தார்கள், அது தனி நேரலை ஆல்பமாகவும் வந்திருக்கிறது. ரீ என்ட்ரி கொடுக்கும் பேண்டுகள் பொதுவாகப் புதுசில் இரண்டைத் தொட்டுவிட்டு மிச்ச நேரத்தைப் பழைய ஹிட்டில் ஓட்டும். இன்னொரு விஷயம், அதே மேடையில் பிளேஸ் காலத்துப் பாட்டு இரண்டை, 'சைன் ஆஃப் தி கிராஸ்', 'தி கிளான்ஸ்மேன்', புரூஸ் பாடுகிறார். மனிதர் போனாலும் பாட்டை ஒதுக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. ஆல்பத்தில் ஷெர்லி கொஞ்சம் இறுக்கிக் கட்டிய ஒலி, அங்கே அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஆமாம், ஒலியைப் பற்றி ஒரு குறை. சிடியில் எல்லாமே முன்வரிசைக்கு வரப் பார்க்கிறது, 67 நிமிஷம் ஹெட்போனில் கேட்டால் காது சோர்ந்துவிடும், டிரம்ஸில் ஸ்னேர் (சுள்ளென்று அறையும் சின்ன டிரம்) சத்தம் கொஞ்சம் வறட்சி. வினைல் வாங்கலாமே என்று ஆசைப்பட்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். இரண்டு தட்டு, மூன்று முறை எழுந்து பக்கம் மாற்ற வேண்டும், அது பிரச்சினை இல்லை. வந்த இரண்டாவது தட்டு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்திருந்தது, மாற்றிக் கொடுக்க ஒன்றரை மாதம். மாற்றி வந்தது நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அட்டையைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் வினைல்தான்: மேலே புகைமேகத்தில் பேண்டின் அடையாள உருவமான எடியின் முகம், டெரெக் ரிக்ஸ் வரைந்தது, கீழே எதிர்கால லண்டன், ஸ்டீவ் ஸ்டோன் செய்தது. சிடி அளவில் அந்த நகரத்தின் விவரம் எதுவும் தெரியாது. காசு வீணாக வேண்டாம் என்பவர்கள் ஸ்ட்ரீமிங்கில் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பாட்டு வரிசையைக் கலைத்துப் போடாதீர்கள்.

2007 மார்ச்சில் மெய்டன் பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது ராத்திரி ரயில் பிடித்துப் போனேன். மூன்று கிட்டாரும் வரிசையாக முன்னால் வந்து நின்ற ஒரு கணம், ஜேனிக் காலைத் தூக்கி ஏதோ வித்தை காட்டிக்கொண்டிருக்க, ஏட்ரியன் அசையாமல் தன் கையை மட்டும் பார்த்துக்கொண்டு வாசித்தார். ஏழு வருஷமாக ஹெட்போனில் கேட்டுப் பிரித்துவைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

பத்துக்கு எட்டரை கொடுக்கலாம். ஒன்றரை போனதில் ஒன்று 'நோமட்'டுக்கு, அரை அந்த ஸ்னேருக்கு. கடைசிப் பாட்டு 'தி தின் லைன் பிட்வீன் லவ் அண்ட் ஹேட்' எட்டரை நிமிஷம், முடிந்துவிட்டது என்று ஹெட்போனைக் கழற்றிவிடாதீர்கள். எல்லாம் அடங்கியபின் நிக்கோவின் குரல் வரும், ஒரு கெட்ட வார்த்தையோடு, 'தவறவிட்டுட்டேனே' என்று. அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.