பவர் பிஐயைத் தரவுப் பட்டியலுடன் இணைத்தல்: ஆயத்த இணைப்பியா, சொந்த நிரலா?

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களின் கொழுந்து நிறையையும் அதிலிருந்து தயாரான தேயிலையின் நிறையையும் பவர் பிஐ (தரவை வரைபடங்களாகவும் அட்டவணைகளாகவும் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) அறிக்கைகளில் பார்க்கும் ஒரு பெருந்தோட்டக் கம்பனி, அந்த அறிக்கைகளை, எந்தத் தரவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பதிந்து வைக்கும் டேட்டாஹப் போன்ற தரவுப் பட்டியலுடன் இணைப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, டேட்டாஹப்பிலேயே உள்ள ஆயத்த இணைப்பி. அது குறித்த நேரங்களில் பவர் பிஐயின் நிர்வாக ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறும் இடைமுகம்) வழியாக அறிக்கைகள், தரவுத்தொகுப்புகள், மூல அட்டவணைகள் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களைத் திரட்டுகிறது. இதற்குச் சேவைக் கணக்கொன்றும், விரிவான விவரங்களை ஏபிஐ வெளியிடுவதற்கு நிர்வாகியின் அனுமதியும் வேண்டும். இந்த அனுமதியை முதலிலேயே பெற்றுவிடுவது மிக அவசியம். பவர் பிஐயில் தரவை எடுத்து வடிவமைக்கப் பயன்படும் ‘எம்’ (M) என்னும் மொழியில் எழுதிய வினவல் சிக்கலானதாக இருந்தால், அறிக்கையிலிருந்து மூல அட்டவணை வரையான தொடர்பை இணைப்பி கண்டறியாமல் போகலாம் என்பதே இதன் பெருங்குறை.

இரண்டாவது, பைதானில் நிரலெழுதி விவரங்களை நாமே பட்டியலுக்கு அனுப்புவது. தோட்ட அலுவலகம் எக்செல்லில் பதிந்து அனுப்பும் எண்கள் எந்த அறிக்கையில் சேர்கின்றன என்பதை இவ்வழியில் துல்லியமாகக் காட்டலாம். ஆனால் அறிக்கைகள் மாறும்போதெல்லாம் நிரலைத் திருத்த ஒருவர் வேண்டும்.

கணினிப் பிரிவில் ஓரிருவரே பணியாற்றும் கம்பனிக்கு நான் ஆயத்த இணைப்பியையே பரிந்துரைப்பேன். கொழுந்துக்கும் தேயிலைக்குமான விகிதம் போல, தொழிற்சாலையின் திறனையே மதிப்பிடும் அளவுகளின் மூலத்தை இணைப்பி தவறவிடும்போது மட்டும் நிரலைத் துணைக்குச் சேர்க்கலாம்.